ஆளுநர் அனுமதித்த படுக்கை

திருவள்ளூரில் எங்கள் வீட்டில் எனக்கும் என் மனைவிக்கும் ஒதுக்கப்பட்ட அறைக்குக் கதவு கிடையாது. நிலை இருந்தது, கீல் இருந்தது, தாழ்ப்பாள் போய் விழும் ஓட்டைகூட இருந்தது. நடுவில் இருக்கவேண்டிய பலகையை மட்டும் கரையான் தின்றுவிட்டது.

ஒரு தச்சரைக் கூப்பிட்டால் ஒரே நாளில் முடியும் வேலை. அப்படி நினைப்பவர்களுக்கு என் தந்தையைத் தெரியாது. நீதிமன்றத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வீடு வாடகை வீடு. ஆகவே கதவைப் புதிதாகப் போடவேண்டியது வீட்டுக்காரரின் கடமை என்று மனுச் செய்தார். வீட்டுக்காரர் எதிர்மனுச் செய்தார்: கரையான் வந்ததே மனுதாரர் பரணில் அடுக்கி வைத்திருக்கும் பழைய காகிதக் கட்டுகளால்தான் என்று. வழக்கு மூன்று ஆண்டுகளாக நடந்துகொண்டிருந்தது. இடையில் நாங்களே ஒரு கதவை மாட்டினால், அது எங்கள் பொறுப்பு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். தந்தை இதை விளக்கியபோது நான் தலையாட்டினேன். சட்டப்படி அவர் சொன்னது சரி. என் துரதிர்ஷ்டம், எனக்கும் சட்டம் தெரியும்.

ஆகவே கதவு இருக்கவேண்டிய இடத்தில் அம்மாவின் பழைய புடவை ஒன்று தொங்கியது. தந்தை, தாய், கல்யாணமாகாத சித்தப்பா, இரண்டு தங்கைகள் எல்லாரும் கூடத்தில். நாங்கள் புடவைக்கு உள்ளே. சாதாரண நாளில் இது ஏதோ தாங்கக்கூடியதுதான். ஆனால் அமாவாசைக்கு முதல் நாள் எங்கள் ஊர்க் கோயில் குளத்தில் முழுகி, வேண்டுதலுக்காக வெல்லம் கரைக்க எட்டு ஊர் உறவும் வந்து இறங்கும். சத்திரத்தில் இடமில்லாததால் வந்தவர்களும் உண்டு. சத்திரம் என்று ஒன்று இருப்பதையே பொருட்படுத்தாமல் வந்தவர்கள்தான் அதிகம். தண்ணீர்ப் பானை தேடுபவர், செருப்பைத் தேடுபவர், எதையும் தேடாமல் சும்மா பார்ப்பவர் என்று ஆளுக்கொரு தடவை அந்தப் புடவையைத் தூக்குவார்கள். ஓர் அமாவாசையன்று தந்தையின் பெரியப்பா ஒருவர் கொல்லைப்புறம் போய்த் திரும்பும்போது வழி தவறி உள்ளே வந்து, எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த இடத்தில் படுத்துக் குறட்டை விட்டார். அவருக்கு எண்பது வயது. எழுப்ப மனம் வரவில்லை.

மறுநாள் காலை கிணற்றடியில் என் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டாள். அவள் பொன்னேரிப் பக்கம் நெல் விளைவிக்கும் குடும்பத்துப் பெண். அவள் பிறந்த வீட்டில் மாட்டுக்கொட்டகைக்கே இரட்டைக் கதவு.

"இன்னாங்க, எனக்கு நக வேணா, பட்டு வேணா. உள்ளார போயி சாத்திக்க ஒரு கதவு வேணும். கல்யாணம் ஆயி ரெண்டு வருசம் ஆவுது, ஒங்ககிட்ட ஒரு வார்த்த முழுசா பேசல நானு."

"கேஸ் முடிஞ்சதும்..."

"கேஸ் முடியறதுக்குள்ள நான் முடிஞ்சிருவேன்."

அப்போது எனக்கு அலுவலகம் திருவள்ளூரில், வேலை கும்மிடிப்பூண்டியில். அங்கே தொழிற்பேட்டை வரப்போகிறது என்று நிலம் எடுக்கும் பிரிவு ஒன்றை ஏற்படுத்தி, என்னை அதில் போட்டிருந்தார்கள். ஆயிரம் பேருக்குத் தொழிற்கூடம் கட்ட இடம் அளந்து கொடுத்துக்கொண்டிருந்த எனக்கு, தலை சாய்க்க எட்டடிக்கு ஆறடி இல்லை. மாதத்தில் பாதி நாள் கேம்ப். பயணியர் விடுதியின் ஒரே நல்ல அறையை எப்போதும் என்னைவிடப் பெரிய அதிகாரி யாராவது பிடித்திருப்பார். நான் பள்ளிக்கூட பெஞ்சு இரண்டைச் சேர்த்துப் போட்டுப் படுப்பேன்.

அந்த ஆண்டுதான் எனக்குப் பதவி உயர்வு வந்தது. அதோடு கார் வாங்க அரசிடம் முன்பணம் கேட்கும் தகுதியும் வந்தது. கேம்ப் விதிகளை எடுத்து இரண்டு தடவை படித்தேன். அதிகாரி எங்கே தங்க வேண்டும் என்று சொல்லியிருந்தது. எதன் மேல் படுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. மனைவியை அழைத்துப் போகக் கூடாது என்றும் எங்கேயும் இல்லை. தினம் அலுவலகம் போகவும், கேம்ப்பில் இருவர் படுக்கவும் ஆகிற மாதிரி ஒரு கார் வாங்கிவிட்டால்? காருக்கு எப்படியும் கதவு இருக்கும்.

மனைவியிடம் சொன்னேன். அவள் உள்ளே போய் ஒரு சணல் கயிற்றை எடுத்து வந்தாள். சுவரோரம் நின்று தன் உயரத்துக்கு அதில் முடிச்சுப் போட்டு என் கையில் கொடுத்தாள். என் உயரத்தை அவள் கேட்கவில்லை. அவள் என்னைவிட இரண்டு விரற்கடை உயரம். இந்த விவரம் அரசு ஆவணம் எதிலும் பதிவாகவில்லை.

அக்காலத்தில் புதுக் காருக்குப் பணம் கட்டிவிட்டுப் பேரன் பிறக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஆகவே பழைய கார். பொன்னேரி சந்தைக்குப் பக்கத்தில் ஒரு தரகர் இருந்தார். மாட்டுத் தரகிலிருந்து கார்த் தரகுக்கு வந்தவர். காரையும் மாட்டைப் போலவே முதுகில் தட்டித்தான் காட்டுவார்.

முதலில் காட்டியது இரண்டு கதவு வைத்த சின்னக் கார், பார்க்க லட்சணமாக இருந்தது. நான் கயிற்றோடு உள்ளே நுழைந்தேன்.

"இன்னா சார், கயித்த எடுத்துக்கினு பூந்துட்டீங்க? மொதல்ல இஞ்சின பாருங்க சார்."

"இஞ்சின் ஓடுமா?"

"ஜோரா ஓடும்."

"ஓடுதுன்னா அப்புறம் அதுல பார்க்க என்ன இருக்கு?"

முன் இருக்கையை எவ்வளவு சாய்த்துப் பார்த்தாலும் என் மனைவியின் முழங்காலோடு கார் முடிந்துவிட்டது. மிச்சக் காலை மடக்கிக்கொள்ளலாமே என்று தரகர் யோசனை சொன்னார். மடக்கிக்கொண்டு படுக்கத்தான் ஏற்கெனவே வீடு இருக்கிறதே என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராணுவம் ஏலம் விட்ட ஜீப். நீளம் போதும். ஆனால் பக்கத்துக்கு ஒரு கித்தான் துணிதான் தொங்கியது. நான் அதைத் தூக்கிப் பார்த்தேன். எங்கள் வீட்டுப் புடவை நினைவுக்கு வந்தது.

"கதவு எங்கேப்பா?"

"கதவு இன்னாத்துக்கு சார்? காத்து சும்மா பிச்சிக்கினு வரும்."

மூன்றாவது, ஒரு மருத்துவமனை கழித்துவிட்ட நீளமான வண்டி. பின்னால் மெத்தையே போட்டிருந்தது. கயிற்றை நீட்டினால் இன்னும் இரண்டு அடி மிச்சம். மனம் கொஞ்சம் சபலப்பட்டதை மறைக்கவில்லை. பினாயில் நாற்றம்தான் இடித்தது.

"இதில எத்தனை பேர் படுத்திருப்பாங்க?"

"ரொம்ப பேரு படுத்துகீறாங்க சார்."

"எழுந்தாங்களா?"

தரகர் நேர்மையானவர். கொஞ்சம் யோசித்தார். "பாதிப் பேரு எழுந்துகீறாங்க."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் மனைவி, "வாங்கிக்கினு வாங்க. நீங்க அதுல படுத்துக்கோங்க, நான் மீதிப் பாதிய எண்ணிக்கினு வெளிய நிக்கறேன்" என்றாள்.

கடைசியாக ஊத்துக்கோட்டையில் ஓர் அரிசி ஆலைக்காரர் வீட்டு வாசலில் நின்றிருந்தது அந்தப் பெரிய வயிற்றுக் கார். கியர் ஸ்டியரிங்கோடு ஒட்டி இருக்கும். அதனால் முன் இருக்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே பலகையாக ஓடியது. அதன் முதுகை மட்டும் பின்னால் சாய்க்க முடிந்தால், பின் இருக்கையோடு சேர்ந்து இரட்டைக் கட்டில். கயிறு போட்டுப் பார்த்தேன். முடிச்சுக்கு மேல் ஒரு சாண் மிச்சம்.

பிறகு கதவுகளுக்கு வந்தேன். நான்கையும் ஒவ்வொன்றாகச் சாத்திக் காது கொடுத்துக் கேட்டேன். தொம் என்று ஒரு சத்தம். வங்கிப் பெட்டகம் சாத்துகிற மாதிரி. மறுபடியும் சாத்தினேன்.

"சார், பேஜார் பண்றீங்களே, இத்தினி வாட்டி சாத்துனா கழண்டு கையோட வந்துரும் சார்" என்றார் தரகர். ஆலைக்காரர் அவரிடம் தெலுங்கில் ஏதோ கேட்டார். இந்த ஆளுக்குத் தலையில் ஏதாவது கோளாறா என்பதாகத்தான் இருக்க வேண்டும். வாங்கிவிட்டேன்.

ஜி.என்.டி. நெடுஞ்சாலையில் கும்மிடிப்பூண்டி தாண்டி ஒரு டிங்கரிங் பட்டறை. அதன் மேஸ்திரி காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, இருக்கையைக் குத்திப் பார்த்தார்.

"நாலு கீல், ரெண்டு கொக்கி. அர நாள் வேல சார். போயி நாஷ்டா துன்னுட்டு வாங்க, படுத்துக்கினே ஊட்டுக்குப் பூடலாம்."

"இப்போ வேண்டாம். முதல்ல அனுமதி வாங்கணும்."

"யார்கிட்ட சார், அண்ணிகிட்டயா?"

"ஆளுநர்கிட்ட."

மேஸ்திரி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

நான் பொய் சொல்லவில்லை. அரசு முன்பணத்தில் வாங்கிய கார், கடைசித் தவணை கட்டும்வரை மாநில ஆளுநருக்கு அடமானம். எழுத்துமூலமான இசைவு இல்லாமல் அதில் எந்த மாற்றமும் செய்ய மாட்டேன் என்று படிவத்தில் எழுதியிருக்கிறது. நூற்றுக்கணக்கான அதிகாரிகள் அதில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். படித்துவிட்டுப் போட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

விண்ணப்பம் எழுதினேன். மாற்றத்தின் தன்மை: முன் இருக்கையின் முதுகுப் பகுதிக்குக் கீல் பொருத்துதல். மாற்றத்துக்கான காரணம்: கேம்ப் செல்லும் இடங்களில் விண்ணப்பதாரரும் அவர் மனைவியும் உறங்குவதற்காக.

என் அலுவலகத் தலைமை எழுத்தர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "சார், 'பழுது பார்த்தல்'னு ஒரு வார்த்தை போட்டா ஒரு வாரத்துல வந்துரும்."

"பழுதாகலையே."

"அது எனக்கும் தெரியும் சார். மேல போறதெல்லாம் அப்படியே நடந்ததா?"

வாயால் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். கோப்பில் எழுதியதில்லை. விண்ணப்பம் எழுதியபடியே போயிற்று.

முதல் குறிப்பு ஒரு மாதத்தில் திரும்பி வந்தது: உறங்குபவர்கள் நோயாளிகளா? ஆம் எனில், உரிய வகையின்கீழ் விண்ணப்பிக்கவும். இல்லை என்று பதில் எழுதினேன். இரண்டாவது குறிப்பு: ஒரே சமயத்தில் உறங்குவோர் எண்ணிக்கை? இரண்டு என்று எழுதினேன். மூன்றாவது குறிப்புதான் வீட்டு முகவரிக்கு வந்தது. அப்போது நான் கேம்ப்பில் இருந்தேன்.

என் தந்தை முப்பத்தைந்து ஆண்டு அரசாங்க உறைகளைத் திறந்தவர். பழுப்பு உறையைக் கண்டால் கை தானாகப் பிரித்துவிடும். பிரித்ததும் உரக்கப் படித்துவிடுவார். நீதிமன்றத்தில் பழகிய குரல், நடுவில் நிறுத்தத் தெரியாது. கூடத்தில் அம்மா, சித்தப்பா, தங்கைகள், அடுத்த வீட்டு அம்மாள், காய் நறுக்கிக்கொண்டு என் மனைவி. அவர் படித்தது: விண்ணப்பதாரருக்குத் தலைமையிடத்தில் மனைவியுடன் உறங்க வசதி உண்டா, இல்லையெனில் அதற்குக் காரணம் யாது என்பதைத் தக்க சான்றுடன் தெரிவிக்கவும்.

கடைசி வரியில் இருந்த நகல் பெறுவோர் பட்டியல்வரை படித்து முடித்த பிறகுதான் அவர் நிமிர்ந்து பார்த்தாராம்.

நான் திரும்பி வந்தபோது மனைவியின் பெட்டி கட்டித் தயாராக இருந்தது. இந்தத் தடவை கிணற்றடிக்குக்கூடப் போகவில்லை.

"ஊரு பூரா கேட்டாச்சி. மாமா மூஞ்சில நான் எப்பிடி முழிக்கறது? நான் பொன்னேரிக்குப் போறேன்."

"எப்போ வருவே?"

"கதவு வந்ததும் சொல்லி அனுப்புங்க. ஊட்டுக் கதவோ, கார் கதவோ, எது மொதல்ல வருதோ அது."

பொன்னேரி போகும் பஸ்ஸில் ஏறிவிட்டாள். சன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் என் பக்கம் திரும்பவில்லை.

விளையாட்டாகத் தொடங்கியது அத்தோடு விளையாட்டாக இல்லாமல் போயிற்று. போனவளைக் கதவில்லாத அறைக்கு மறுபடி கூப்பிட எனக்கு வாய் இல்லை. கேள்விக்குப் பதில் எழுதினால்தான் அனுமதி. பதில் எழுதினால் என் தந்தையைப் பற்றி எழுத வேண்டும். வீட்டில் கதவு இல்லை, காரணம் என் தகப்பனார் தொடுத்த வழக்கு என்று எப்படி எழுதுவது? இரண்டு நாள் பேனாவைத் திறந்து திறந்து மூடினேன். தந்தையும் பேசவில்லை. எங்கள் இருவருக்கும் நேருக்கு நேர் பேசும் வழக்கம் அதிகம் கிடையாது. பேசினாலும் ஏதாவது ஒரு மனுவைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

மூன்றாம் நாள் காலை என் மேசைமேல் ஒரு முழுத்தாள் இருந்தது. முத்து முத்தான அவர் கையெழுத்து. இடப்பக்கம் இரண்டு அங்குல ஓரம் விட்டு, பத்தி பத்தியாக எண் போட்டு.

ஒன்று, விண்ணப்பதாரருக்கு மேற்படி வீட்டில் அறை உண்டு. இரண்டு, அறைக்குக் கதவு இல்லை. மூன்று, கதவு குறித்த மனு மூன்று ஆண்டுகளாக நிலுவையில் உள்ளது. நான்கு, அந்த மனுவின் மனுதாரர் கீழே கையொப்பமிட்டுள்ளவர். ஐந்து, விண்ணப்பதாரரும் அவர் மனைவியும் அனுபவித்துவரும் சிரமத்துக்குக் கீழே கையொப்பமிட்டுள்ளவரே முழுக் காரணம் என்பது இதன்மூலம் ஒப்புக்கொள்ளப்படுகிறது.

வாழ்நாளில் எந்த வழக்கிலும் எதையும் ஒப்புக்கொள்ளாதவர் என் தந்தை. கையெழுத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அவர் கூடத்தில் செய்தித்தாளை முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்திருந்தார்.

"நைனா, அஞ்சாவது பத்தி தேவையா?"

செய்தித்தாள் இறங்கவில்லை. "இருக்கட்டும்டா. அது இல்லன்னா இன்னொரு கேள்வி கேட்டு திருப்பி அனுப்புவான்."

அவ்வளவுதான் பேசினோம். தாளை இணைத்து அனுப்பினேன்.

ஐந்தாவது பத்தியைப் படித்த யாரோ ஓர் அதிகாரிக்குத் தகப்பனார் இருந்திருக்க வேண்டும். பத்தே நாளில் ஆணை வந்தது. ஆளுநரின் பெயரால் அனுமதி வழங்கப்படுகிறது. நிபந்தனைகள்: படுக்கையைக் கேம்ப்பில் மட்டும் பயன்படுத்த வேண்டும். தலைமையிடத்தில் பயன்படுத்தக் கூடாது. காரை விற்கும்போது இருக்கையை முன்பிருந்த நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

ஆணையின் நகலோடு பட்டறைக்குப் போனேன். மேஸ்திரி அதில் இருந்த முத்திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வேலையை ஆரம்பித்தார். அரை நாளில் முடித்துவிட்டார். சாய்த்தால் நடுவில் மட்டும் ஒரு பள்ளம் விழுந்தது. அதற்கு ஒரு தலையணை போதும்.

அந்தச் சனிக்கிழமை கும்மிடிப்பூண்டியில் எனக்குக் கேம்ப். போகிற வழியில் பொன்னேரியில் மாமனார் வீட்டு வாசலில் காரை நிறுத்தி ஹாரன் அடித்தேன். மனைவி வெளியே வந்தாள். காரைச் சுற்றி வந்து நான்கு கதவையும் திறந்து திறந்து சாத்தினாள். பிறகு உள்ளே போய் டிபன் காரியரோடு வந்து ஏறிக்கொண்டாள்.

வேலை மூன்று மணிக்கு முடிந்தது. ஆரம்பாக்கம் தாண்டிக் கிழக்கே திரும்பினால் பழவேற்காட்டு ஏரியின் ஓரம். பனைமரம் நாலைந்து, உப்புப் பூத்த தரை, கண்ணுக்கெட்டும்வரை ஆள் இல்லை. வெயில் சாய்ந்திருந்தது. காரை நிறுத்தினேன். அவள் தன் பக்கத்துக் கதவைச் சாத்தினாள். பிறகு எட்டிப் பின்கதவுகளின் பொத்தானை அழுத்தினாள். கண்ணாடிகளை ஒவ்வொன்றாக ஏற்றினாள். உள்ளே அடுப்பு மாதிரி இருந்தது. நான் முன் இருக்கையின் முதுகைச் சாய்த்தேன்.

"இன்னாங்க" என்றாள், கிசுகிசுப்பாக.

"என்ன" என்றேன், நானும் கிசுகிசுப்பாக.

இரண்டு வருஷமாக ஒருவர் காதுக்கு மட்டும் பேசிப் பழகியவர்கள். ஒரு மைல் சுற்றளவில் ஒரு காதும் இல்லாத இடத்திலும் தொண்டை திறக்கவில்லை. அவளுக்கே அது உறைத்தது போலிருக்கிறது. ஒரு தடவை கனைத்தாள். பிறகு ஆரம்பித்தாள்.

அப்படி ஒரு குரல் அவளுக்கு உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது. வயலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஆளைக் கூப்பிடும் குரல்.

"நீங்கல்லாம் ஒரு மனுசனா? ஒரு கதவு மாட்டறதுக்கு மாமாதான் கேசு போட்டாரு, ஒங்களுக்கு இன்னா வந்துச்சி? ஆமாம் ஆமாம்னு மண்டைய ஆட்டிக்கினு நின்னீங்களே! அமாவாசைக்கு அமாவாச பதினாலு பேருக்கு வடிச்சிக் கொட்டுறேன், ஒரு தபா, ஒரே ஒரு தபா, கை நோவுதான்னு கேட்டீங்களா? பொண்டாட்டியோட படுக்கறதுக்குன்னு கவர்மெண்டுக்கு எழுதிக் குடுத்தீங்களே, ஒங்களுக்கு வெக்கம்னு ஒண்ணு கீதா?"

"விதிப்படி காரணத்தை..."

"விதியத் தூக்கி ஏரியில போடு!"

போடு என்றாள், போடுங்கள் இல்லை. கல்யாணமாகி முதல் தடவை. அவளுக்குக் கதவு எதற்கு வேண்டியிருந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இரண்டு ஆண்டுச் சண்டையை மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தாள். அதைப் போட இடம் இல்லாமல் தவித்திருக்கிறாள். நானும் என் பெற்றோரும் கவர்னர் மாளிகைவரை எல்லாரும் வேறு என்னவோ நினைத்துக்கொண்டிருந்தோம்.

நானும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. அவள் அண்ணன் என்னை நடத்திய விதம் பற்றி ஏதோ. கத்தக் கத்த உடம்பு லேசாகிக்கொண்டே போயிற்று. முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும், யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள்.

கையில் இறால் கூடையோடு ஏரிக்கரைக் குப்பத்துப் பெண் ஒருத்தி. என் மனைவி கண்ணாடியை இறக்கினாள்.

"இன்னாம்மா, ஆம்படையான் அடிச்சிட்டானா?"

"இல்லக்கா, சும்மா பேசிக்கினு இருந்தோம்."

"இதான் பேசறதா? அந்தாண்ட கொக்கெல்லாம் எழுந்து பூடுச்சி." உள்ளே எட்டி, சாய்த்திருந்த இருக்கையையும் வியர்த்துக் கொட்டிய எங்கள் இருவரையும் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "நல்லதுதான் பண்ணீங்க. ஊட்ல சண்ட போட்டா ஊரே வந்து குந்திக்கினு நாயம் பேசும். நானும் எம் புருசனும் படகுல பூடுவோம். நட்ட நடு ஏரி. எவன் வருவான் நாயம் பேச?"

"படகுல யாருக்கா ஜெயிப்பாங்க?"

"படகு தள்ற கழி யாரு கையில கீதோ அவங்கதான். அத்த நான் குடுத்தாத்தான அவுரு கரைக்கு வர முடியும்?"

கூடையை இடுப்புக்கு ஏற்றிக்கொண்டு சிரித்தபடியே போய்விட்டாள். திறந்த கண்ணாடி வழியாக ஏரிக்காற்று வந்தது. என் மனைவி டிபன் காரியரைத் திறந்து எனக்குப் புளிச்சோறு எடுத்து வைத்தாள். அவள் முகம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. இருவரும் பசியோடு சாப்பிட்டோம். பாதியில் நிறுத்தி, ஸ்டியரிங்கைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குக் கார் ஓட்டக் கத்துக் குடுங்க."

"தாராளமா. ஆனா அதுக்கு முதல்ல பழகுநர் உரிமம் வாங்கணும். ஒரு படிவம் இருக்கு, அதோட ரெண்டு போட்டோ, அப்புறம் இந்தக் கார் ஆளுநருக்கு அடமானமா இருக்கறதால..."

அவள் தன் பக்கத்துக் கண்ணாடியை மறுபடி ஏற்ற ஆரம்பித்தாள்.